பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பழுதை நீக்குவது, பழுதைச் சரிசெய்வது என்றெல்லாம் சொல்ல இடமிருந்தும் தமிழ் வழக்கில் நிலைத்த தொடர் 'பழுது பார்த்தல்' என்பதே. நாடி பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, பதம் பார்ப்பது ஆகியவற்றின் வரிசையில் இதுவும் நிற்கிறது. முதலில் பார்க்க வேண்டும். கையை வைப்பது பிறகு. மிதிவண்டி ஒன்று அடிபட்டுக் கிடக்கும்போது நம்மவர்கள் நடத்தும் விவாதங்களைக் கேட்கையில், இத்தொடரின் பிற்பாதியை நாம் தொலைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழுது பற்றிப் பேசுகிறோம்; பார்ப்பதில்லை.

ஆசிரியர் அறையில் இவ்விவாதம் இரு கட்சிகளாகப் பிரியும். முதற்கட்சி கணக்கர் கட்சி. "அதற்கு ஆகிற செலவுக்கு மேலே கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாமே" என்பது அவர்களது ஒரே சூத்திரம். வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே இச்சூத்திரம் ஓதப்பட்டுவிடும். மற்றது நினைவேக்கக் கட்சி. தந்தையார் ஓட்டிய வண்டி, முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய வண்டி, ஆகவே என்ன ஆனாலும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். இலக்கியம் படித்தவர்களுக்கு இக்கட்சியில் ஈர்ப்பு அதிகம். மிதிவண்டியைப் பற்றி உருகி உருகி எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் உண்டு. அதன் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரு கட்சியாரும் வண்டியருகே குந்தி உட்கார்ந்து அதைப் பார்ப்பதில்லை என்பதில் ஒற்றுமையுடையவர்கள்.

என் நிலைப்பாடு இதுதான்: விலையும் பாசமும் இரண்டாம் நிலைக் கேள்விகள். முதற்கேள்வி, அடி எங்கே பட்டிருக்கிறது என்பது.

கறுப்பு வண்ணம் பூசிய, கம்பித் தடை பொருத்திய, 28 அங்குலச் சக்கரத்து நம்மூர் மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம். ஹெர்குலிஸ், ராலே, அட்லஸ், ஹீரோ என்று பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றே. ஆங்கிலேயரின் பழைய சாலை வண்டியை அச்சாகக் கொண்டது. சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் பிரிட்டன் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது 1949இல். அரியானா மாநிலத்துச் சோனிபத்தில் அட்லஸ் தொடங்கியது 1951இல். லூதியானாவில் ஹீரோ மிதிவண்டி உற்பத்தி 1956இல். அன்று தொட்டு இன்றுவரை இவ்வகை வண்டியின் அடிப்படை அளவுகள் பெரிதாக மாறவில்லை. முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பிகள், பின்சக்கரத்தில் 40. சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். ஒரு கம்பெனியின் வண்டிக்கு மற்றொரு கம்பெனியின் பெடலும் ரிம்மும் பிரீவீலும் பொருந்தும். அட்லஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் சாகிபாபாத் ஆலையை மூடியது. அன்று உலக மிதிவண்டி நாள் என்பது கொடிய நகைச்சுவை. ஆனால் அட்லஸ் வைத்திருப்பவர் எவரும் அதனால் வண்டியைத் தூக்கிப் போட வேண்டிய நிலை வரவில்லை. செய்தவன் போனாலும் செய்பொருள் பிழைத்திருக்கிறது. இன்றைய கைப்பேசிக்கோ சலவை இயந்திரத்துக்கோ இந்தப் பேறு இல்லை.

இவ்வண்டியில் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்புகள் உண்டு. நிலைத்து நிற்பதற்கென்று செய்யப்பட்டது ஒன்று உண்டு. டயர், டியூப், சங்கிலி, பிரீவீல், பிரேக் கட்டை, காட்டர் பின், பால்ஸ், கோன், கப் எல்லாம் முதல் வகை. இவை கெட்டுப்போவது பழுதே அன்று, பயன்பாடு. சங்கிலி தேய்ந்ததா என்பதை அறிய ஓர் அடிக்கோல் போதும். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் சங்கிலியை மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் பிரீவீலின் பற்களையும் அது தின்றிருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சங்கிலி அறுந்ததற்காக வண்டியை மாற்றுகிறேன் என்பவர், செருப்புத் தேய்ந்ததற்காகக் காலை மாற்றுகிறவர்.

நிலைத்து நிற்க வேண்டியது சட்டம். மேலே பார், கீழே சாய்ந்து செல்லும் கீழ்க்குழாய், இருக்கையைத் தாங்கும் குழாய், முன்னே ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாய், இவற்றை இணைக்கும் மூட்டுகள். பழைய வகைச் சட்டத்தில் குழாய்களை உறைபோன்ற மூட்டுக்குள் செருகிப் பித்தளையை உருக்கி ஊற்றி இணைத்திருப்பார்கள். எஃகுக் குழாயும் பித்தளைப் பற்றும் சேர்ந்த இவ்வமைப்புக்கு ஒரு நற்குணம் உண்டு. ஒடிவதற்கு முன் வளைந்து காட்டும். வளைவதற்கு முன்பே சாயம் சுருங்கிக் காட்டும்.

பழுது 'பார்ப்பது' என்றேனே, அது இங்கேதான் தொடங்குகிறது. வண்டி எதன்மீதாவது மோதினால் அதிர்வு முன்சக்கரம் வழியே போர்க்கில் ஏறி, தலைக்குழாயில் போய் முட்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம் சக்கரம் அன்று. தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, பாரின் அடிப்பக்கமும் கீழ்க்குழாயின் அடிப்பக்கமும். துணியால் துடைத்துவிட்டு விரல்நகத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். தோல் சுருங்கியதுபோலச் சாயத்தில் மடிப்போ, மேடோ, முடியிழை போன்ற கீறலோ தட்டுப்பட்டால் அது கெட்ட செய்தி. அடுத்து ஒரு நூல். பின்சக்கரம் பொருந்தும் இரு முனைகளிலும் நூலைக் கட்டி, முன்னே தலைக்குழாயைச் சுற்றி இழுத்து, நடுவில் இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் சட்டம் நேராக நிற்கிறது. கொத்தனார் தூக்குக் குண்டு விடுவது போன்ற எளிய சோதனை இது. ஐந்து நிமிடம் ஆகாது. இச்சோதனையைச் செய்துவிட்ட பின்னர் 'பழுது பார்ப்பதா, புதிதா' என்ற விவாதத்தின் முக்கால் பங்கு தானாகவே ஓய்ந்துவிடும்.

சென்ற ஆண்டு என் வண்டிக்கே இச்சோதனை நேர்ந்தது. பாலக்கரையிலிருந்து மெயின்கார்டுகேட், சிந்தாமணி வழியாகக் காவிரிப் பாலம் கடந்து அக்கரையிலுள்ள கல்லூரிக்குச் செல்பவன் நான். காந்தி மார்க்கெட் பக்கத்திலிருந்து திரும்பிய ஓர் ஆட்டோ முன்சக்கரத்தின்மீது ஏறி இறங்கிற்று. சக்கரம் எட்டு வடிவம் கொண்டது. போர்க்கு பின்னோக்கி மடங்கிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "வண்டி போச்சு சார்" என்றார்கள். எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் முதியவர், அறுபதைக் கடந்தவர், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. தலைக்குழாயின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். நூலைப் பிடித்தார். பிறகுதான் பேசினார்.

"சார், போர்க்கு போச்சு, ரிம் போச்சு. பாடி தங்கம் மாதிரி இருக்கு."

"போர்க்கை நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாமா பாய்?"

"நிமித்தலாம். நிமித்தித் தரவும் ஆள் இருக்கான். நான் செய்ய மாட்டேன். ஒரு தடவ மடங்கின போர்க்கு இன்னொரு தடவ சொல்லாம ஒடியும். நீங்க பாலத்துல போறவரு."

மேலுக்குப் பார்த்தால் இது வியாபாரப் பேச்சுப் போலத் தோன்றும். ஆனால் அவர் சொன்னதில் இரு வேறு முடிவுகள் உள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை 'மாற்றாதே' என்றார். போர்க்கைப் பொறுத்தவரை 'சீர்ப்படுத்தாதே, மாற்று' என்றார். ஒரே வண்டிக்குள் இரண்டு விடைகள். கணக்கர் கட்சியும் நினைவேக்கக் கட்சியும் வண்டி முழுமைக்கும் ஒரே விடை தேடுவதால்தான் தடுமாறுகின்றன. புதிய போர்க்கு, ரிம், கம்பிகள், டயர், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டின. அதே வகைப் புதிய வண்டி ஏழாயிரத்தை ஒட்டி விற்றது. சட்டத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் அந்த இரண்டாயிரமும் வீண். புதிதுதான் வாங்கியிருக்க வேண்டும். அதையும் அவரே சொல்லியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

இந்த அளவுகோல் மிதிவண்டிக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊரின் இரு பாலங்களே இதற்குச் சான்று. 1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் அதிரத் தொடங்கியபோது, 2022 நவம்பரில் போக்குவரத்தை நிறுத்தித் தாங்கிகளையும் இணைப்புகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். தூண்கள் நின்றன, தேய்ந்தவற்றை மாற்றினால் போதுமாயிருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் எழுந்த பழைய இரும்புப் பாலத்தின் கதை வேறு. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது அதன் தூண்களே சாய்ந்தன. அருகிலேயே 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே போய்ப் பழுது பார்ப்பதன் பெருமையைப் பேச முடியாது. தாங்கி தேய்ந்தது வேறு, தூண் போனது வேறு.

ஆகவே நான் பழுது பார்த்தலின் கண்மூடி அடியார் அல்லன். சட்டத்தில் விரிசல் கண்டபின், தெருமுனையில் பற்றவைத்துச் சாயம் பூசி ஓட்டுவதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். மெல்லிய எஃகுக் குழாயைப் பற்றவைக்கும்போது பற்றின் இருபுறமும் உலோகம் வெந்து வலுவிழக்கும். அடுத்த விரிசல் பற்றுக்குப் பக்கத்திலேயே தோன்றும். பின்னே பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுவிடும் தகப்பனுக்கு "பற்றவைத்துக்கொள், புதிது எதற்கு" என்று அறிவுரை சொல்பவர் அந்தப் பிள்ளையின் பல்லைப் பந்தயம் வைக்கிறார். அலுமினியச் சட்டமானால் இன்னும் மோசம். அது வளைந்து எச்சரிக்காது. பலநாள் சோர்வு சேர்ந்து ஒருநாள் விரிசலிடும். பற்றவைத்தபின் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினாலன்றிப் பழைய வலு திரும்பாது. அவ்வசதி நம் தெருக்கடைகளில் இல்லை.

'எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா' என்று தத்துவம் பேசும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கிரேக்கர்கள் இக்கேள்வியை ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். நமக்குக் கப்பல் வரை போக வேண்டியதில்லை, தேர் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு மரச் சக்கரங்கள் போய், திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்த இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் வந்தன. அதனால் ஆழித்தேர் வேறு தேராகிவிட்டது என்று வடம்பிடிப்பவர் எவரும் எண்ணியதில்லை. சிதைந்த கோயிலைப் பழைய அடித்தளத்தின்மீதே எடுத்துக் கட்டுவதற்குத் 'திருப்பணி' என்று பெயரிட்டவர்கள் நாம். திருவரங்கம் கோயிலின் புதுப்பிப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அதே ஊரில் மிதிவண்டியைச் சீர்செய்து ஓட்டுபவனை வக்கற்றவன் என்று பார்ப்பதும் நடக்கிறது. கோயிலுக்கு ஒரு நியாயம், சைக்கிளுக்கு ஒரு நியாயம்!

சங்க காலத்து உமணர்கள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். உப்பு மூட்டையோடு மேடு பள்ளம் ஏறி இறங்கும் வண்டியின் அச்சு வழியில் முறியக்கூடும் என்று அறிந்து, வண்டியின் அடியிலேயே ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஔவையார் இச்செய்தியைப் புறநானூற்றில் (102) பொகுட்டெழினிக்கு உவமையாக ஆள்கிறார். அதைச் 'சேம அச்சு' என்பது பழைய வழக்கு. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் 'ஸ்டெப்னி' என்று கத்துவார்கள், நான் மறுப்பதில்லை. இதில் உவமைநயத்தைக் காட்டிலும் என்னைக் கவர்வது அதன் பின்னுள்ள அறிவு. முறியப்போவது எது, முறியாதது எது என்று பிரித்து அறிந்தவன்தான் அச்சை மட்டும் கூடுதலாக எடுத்துச் செல்வான். இன்னொரு வண்டியையே இழுத்துச் செல்ல மாட்டான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? சிக்கல், பிரித்து அறிந்து சொல்லும் ஆள் அருகி வருவதில். முன்பு பாலக்கரையிலும் எடத்தெருவிலும் மணிக்கணக்கில் மிதிவண்டி வாடகைக்குத் தரும் கடைகள் இருந்தன. அக்கடைக்காரர்கள் பழுது பார்ப்பதில் தேர்ந்தது தற்செயல் அன்று. ஒரு வண்டி ஒருநாள் படுத்தால் அன்றைய வாடகை போயிற்று. ஆகவே எது விரைவில் சீராகும், எது தேறாது என்பதை அவர்கள் கண் உடனே சொல்லிவிடும். ஊரில் அக்கண்ணைப் பயிற்றுவித்த இன்னொரு பள்ளி பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. புதிது செய்வதைவிட வந்த இஞ்சினைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றி மீண்டும் பூட்டி அனுப்புவதே அதன் நெடுநாளைய தொழில். சைக்கிள் கடைகளில் வழங்கும் 'ஓவராயிலிங்' என்ற சொல்லும் பணிமனையில் வழங்கும் சொல்லும் ஒன்றே என்பதை மொழி மாணவர்கள் கவனிக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்துப் பிழைத்த ஊர் இது.

இன்று வாடகைக் கடைகள் மறைந்தன. எஞ்சியுள்ள பழுதுக் கடைகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் முதியவர்கள்; அவர்களது பிள்ளைகள் இருசக்கர மோட்டார் பக்கம் போய்விட்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஒரு சக்கரத்தின் கோட்டத்தை எடுக்க அரைமணி நேரம் ஆகும். நாற்பது கம்பிகளின் இழுவையையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமாறு திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒன்றை இறுக்கினால் எதிர்ப்புறத்ததைத் தளர்த்த வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் கூலியை, உணவகத்தில் ஒரு காபியும் தோசையும் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப் பொருளுக்கு அச்சிட்ட விலையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்கள், கைவேலைக்கு மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

இப்போது அரசின் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனால் அபராதம், இருவர் போனால் அபராதம். அதெல்லாம் போய், அரசே மிதிவண்டி கொடுக்கும் காலம் வந்தது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி என்று தொடங்கி, 2005-06இல் எல்லாச் சமூகத்து மாணவ மாணவியருக்கும் விரிந்தது அத்திட்டம். அதற்கும் பத்தாண்டு முன்பே, 1991 தொட்டு, பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் வண்டியேறிய அந்தக் காட்சியைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். ஒரு பெண் பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்வது எத்தகைய விடுதலை என்பதை அவ்வியக்கத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அவ்விடுதலை இரண்டு ரூபாய்ப் பால்ஸ் நொறுங்கியதால் நின்றுபோகிறது என்பதுதான் என் ஆதங்கம். பள்ளியில் பெற்ற மிதிவண்டி, கல்லூரிக்கு வருமுன்பே வீட்டுத் திண்ணையோரம் சாய்ந்துவிட்டது என்று என் மாணவியர் பலர் சொல்லியிருக்கிறார்கள். என்ன கோளாறு என்று கேட்டால், "தெரியலைங்கய்யா, ஓடல" என்பதே விடை. துருவித் துருவிக் கேட்டால் பெடல் கழன்றிருக்கும், பின்சக்கர கோன் தேய்ந்திருக்கும், டயர் வெடித்திருக்கும். சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிராது. நான்கு கல் தொலைவில்தான் கடை. ஓடாத வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போக யாருக்கும் நேரமில்லை. அந்தப் பெண் முதற்பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பும் போகிறது. இரண்டாம் பருவத்தில் வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத அனுமதி கேட்டு நிற்பவர்களில் இத்தகையோரும் உண்டு. எடைக்குப் போடப்படும் அந்த வண்டிகள் உண்மையில் செத்த வண்டிகள் அல்ல. பார்ப்பாரின்றிக் கைவிடப்பட்டவை.

பிற நாடுகள் இதில் ஒரு வழி காட்டின. பெருந்தொற்றுக் காலமான 2020இல் பிரெஞ்சு அரசு, வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய மிதிவண்டியைச் சீர்செய்ய ஒருவருக்கு ஐம்பது யூரோ வரை கொடுத்தது. புதிது வாங்க அன்று, பழுது பார்க்க. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதனால் தெருவுக்கு வந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தும் ஐம்பது பவுண்டுச் சீட்டு வழங்கியது. நம் நடுவண் அரசும் 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையவாயிலைத் திறந்தது. அதன் அக்கறை கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம், வேளாண் கருவி ஆகியவற்றின்மீது. கறுப்பு மிதிவண்டிக்கு அவ்வுரிமையைச் சட்டத்தால் கொடுக்க வேண்டியதே இல்லை, பிறவியிலேயே உண்டு. அதற்கு வேண்டியது ஆளும் கருவியும்.

வேறு வழியே இல்லாதபோது மனிதர்கள் இவ்வண்டியிலிருந்து எவ்வளவு பெற முடியும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் அரிதாகி, குடாநாடே துவிச்சக்கரவண்டியில் நடமாடியது. பற்றரி கிடைக்காதபோது வண்டியைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அத்தகைய கட்டாயம் எவருக்கும் வர வேண்டாம். ஆயினும் அங்கே வீட்டுக்கு வீடு இருந்த பழுது பார்க்கும் அறிவு இங்கே வசதி வந்ததும் ஏன் போக வேண்டும்?

என் யோசனைகள் சிறியவை. மிதிவண்டி கொடுக்கும்போதே ஒரு ஸ்பேனர், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் அடங்கிய சிறு பையும் கொடுக்கலாம். ஆண்டுக்கு இருமுறை உள்ளூர்க் கடையில் காட்டிப் பழுது பார்த்துக்கொள்ளத்தக்க சீட்டு ஒன்றும் இணைத்தால், மாணவர்க்கு வண்டியும் கடைக்காரர்க்கு வாடிக்கையும் நிலைக்கும். ஆண்டுதோறும் புதிய வண்டிகளுக்கு ஒதுக்கும் தொகையில் இது மிகச் சிறு பங்கே ஆகும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். நட்ட மரத்தின் கதியை அடுத்த ஆண்டு கேட்பதில்லை. அதில் ஒருநாளை எடுத்து, கடைக்கார முதியவர் ஒருவரை முறையான மதிப்பூதியம் கொடுத்து அழைத்து, நூல் பிடிக்கவும் கோட்டம் எடுக்கவும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம். சிறப்புச் சொற்பொழிவாளருக்குக் கொடுக்கும் அதே தொகை, அதே பொன்னாடை. எங்கள் பகுதி முதியவரிடம் இதைச் சொன்னேன். பொன்னாடை வேண்டாம் என்றார். நல்ல போக்ஸ் சாவி பத்து வாங்கி வைக்கச் சொன்னார், பிள்ளைகள் கையில் மலிவுச் சாவி கொடுத்தால் நிப்பிளின் முனை மழுங்கிவிடுமாம்.